ஹோட்டல் ருசிக்கு எதிரி தண்ணீர்

ஹோட்டலில் சாப்பிட்டதை வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் முதலில் தேடுவது ஏதாவது ரகசியப் பொருளை. எந்த சாஸ், எந்தப் பொடி, எந்த பிராண்ட் என்று தேடித் தேடி அலமாரியில் பாதி தீர்ந்த பாட்டில்கள் சேர்ந்ததுதான் மிச்சம். பொருளில் பெரும்பாலும் தப்பே இருக்காது. அதே அரிசி, அதே முட்டை, அதே சோயா சாஸ். ஆனாலும் ஃப்ரைடு ரைஸ் என்று ஆரம்பித்தது தட்டுக்கு வரும்போது கிளறிய சாதமாகிவிடுகிறது. உருளைக்கிழங்கு வறுவல் மூன்று நிமிடத்தில் தொய்ந்துவிடுகிறது. சிக்கன் சிவக்காமல் வெளுத்துப்போய் வேகிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: போயிருக்க வேண்டிய தண்ணீர் போகவில்லை.

ஒரு பொருளின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கொடுக்கிற சூடெல்லாம் ஈரத்தை ஆவியாக்கவே செலவாகும். ஹோட்டல் வாசனை என்று நாம் சொல்கிற வறுபட்ட மணம், 1912-ல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலர் விவரித்த வினையில் பிறப்பது. புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கிற அந்த வினை 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். ஈரம் போகாமல் சிவக்காது, சிவக்காமல் மணக்காது.

இந்த ஈரத்தை விரட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பது கணக்குப் போட்டால்தான் தெரியும். 100 கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 7 கிலோகலோரி போதும். கொதிக்கிற அதே 100 கிராமை ஆவியாக்க 54 கிலோகலோரி வேண்டும், கிட்டத்தட்ட எட்டு மடங்கு. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் 3 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதிதான் பாத்திரத்தில் ஏறும். அந்த 100 கிராமை விரட்ட இரண்டரை நிமிடம் ஆகும். ஹோட்டலில் வாணலிக்கென்றே இருக்கிற அடுப்பு இதைப்போல எட்டு, பத்து மடங்கு சூடு தருவது. அங்கே அதே வேலை பதினைந்து, இருபது வினாடியில் முடிகிறது. அரைக் கிலோ காய்கறியை ஒன்றாகக் கொட்டினால் 100 கிராம் தண்ணீர் தாராளமாக விடும். அந்த இரண்டரை நிமிடமும் காய் வதங்குவதில்லை, தன் தண்ணீரிலேயே அவிந்துகொண்டிருக்கிறது.

அடுப்பை மாற்ற முடியாது. ஆனால் அடுப்புக்குப் போகும் தண்ணீரைக் குறைக்கலாம், ஒரு தடவைக்குப் போடும் அளவையும் குறைக்கலாம். வீட்டில் ஹோட்டல் ருசி கொண்டுவருவதற்கான வேலையில் முக்கால்வாசி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

ஃப்ரைடு ரைஸ்: ஒருவருக்கு ஒரு தடவை

நான்கு பேருக்குச் சேர்த்து ஒரே வாணலியில் போடுவதுதான் முதல் தவறு. ஒருவருக்கு 250 கிராம் வெந்த சாதம், அதற்கு மேல் வேண்டாம். நான்கு பேர் என்றால் நான்கு தடவை. ஒரு தடவைக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் ஆகும் என்பதால் இது பயமுறுத்துகிற அளவுக்குப் பெரிய வேலையில்லை.

நீள அரிசியைக் கழுவுகிற தண்ணீர் தெளியும்வரை மூன்று, நான்கு முறை கழுவ வேண்டும். மேலே ஒட்டியிருக்கிற மாவு போகாவிட்டால் எண்ணெயில் பட்டதும் அது பசையாகும். ஒரு கப் அரிசிக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் போதும், வழக்கமாக வைப்பதைவிடக் குறைவுதான். வெந்ததும் அகலமான தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் வைக்கவும். ஆவி முழுக்க அடங்கிய பின் மூடாமல் ஃப்ரிட்ஜில் வைக்கவும். பழைய சாதம்தான் நல்லது என்று சொல்வதற்கு இரண்டு காரணம் உண்டு. ஆறும்போது மாவுச்சத்து இறுகுவதால் பருக்கை உடையாது. மேற்பரப்பு காய்ந்துவிடுவதால் வாணலியில் ஒட்டாது. இரண்டாவதுதான் முக்கியம். அதனால் அவசரமென்றால் ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் காய்ந்த சாதமே போதும். ராத்திரி முழுக்க மூடிப் போட்டு வைத்த சாதத்தில் ஈரம் எங்கும் போயிருக்காது, பெயரளவுக்குத்தான் அது பழைய சாதம்.

ராத்திரி முழுக்க வெளியிலேயே வைத்துவிடவும் கூடாது. சாதத்தில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் வேகவைத்த பின்னும் பிழைத்திருக்கும். வெதுவெதுப்பில் அது பெருகி விடுகிற நஞ்சில் ஒரு வகை, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. ஆறிய ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜ், மறுநாளுக்குள் சமையல் என்பதே கணக்கு.

மற்றவை: முட்டை ஒன்று, பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ் தலா 30 கிராம், பூண்டு இரண்டு பல், வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் ஒன்றரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன் தாராளமாக, வெள்ளை மிளகுத்தூள் கால் டீஸ்பூன். எல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்க வேண்டும். வாணலி காய்ந்த பிறகு பூண்டு உரிக்க நேரம் கிடைக்காது. கழுவிய காயைத் துணியில் கொட்டி ஒற்றி எடுத்தாக வேண்டும். காய்ந்த காய்க்கும் சொட்டுகிற காய்க்கும் இருக்கிற வித்தியாசம் வாணலியில் பட்ட உடனே காதில் கேட்கும்.

மெல்லிய இரும்பு வாணலியை வெறுமனே முழுத் தீயில் இரண்டு, மூன்று நிமிடம் காய விடவும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று கொதித்து மறைந்தால் இன்னும் போதவில்லை. பாதரச மணி மாதிரி உடையாமல் உருண்டு ஓட வேண்டும். அடிச்சூட்டில் எழும் ஆவிப்படலத்தின் மேல் சொட்டு மிதக்கிறது என்று அர்த்தம், சுமார் 200 டிகிரியை எட்டிவிட்டது. நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமனே காய வைக்கக் கூடாது. 260 டிகிரி வாக்கில் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். நான்ஸ்டிக்தான் இருக்கிறது என்றால் எண்ணெயை முதலிலேயே ஊற்றி, மிதமான சூட்டோடு நிறுத்திக்கொண்டு, மணம் கொஞ்சம் குறையும் என்று ஒப்புக்கொள்வதுதான் வழி.

இனி வேகம். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றிச் சுழற்றி, அடித்த முட்டையை விடவும். பொங்கி எழுந்து பாதி வெந்ததும் எடுத்துவிடவும், 15 வினாடிகூட ஆகாது. அடுத்த பங்கு எண்ணெயில் கேரட்டும் பீன்ஸும் 45 வினாடி, அதையும் எடுத்துத் தனியே வைக்கவும். மீதி எண்ணெய், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, பூண்டு, உடனே சாதம். பூண்டைப் புகைகிற எண்ணெயில் தனியாக நிற்க விட்டால் பத்து வினாடியில் கசந்துவிடும். பின்னாலேயே சாதம் விழுந்து அதைக் காப்பாற்ற வேண்டும்.

சாதம் விழுந்ததும் பெரும்பாலானோர் செய்கிற தவறு விடாமல் கிளறுவது. ஹோட்டலில் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்களே என்று தோன்றலாம். அந்தத் தீயில் அப்படிச் செய்யாவிட்டால் கருகிவிடும். நம் தீயில் அப்படிச் செய்தால் ஆறிவிடும். கட்டிகளைக் கரண்டியின் முதுகால் அழுத்தி உதிர்த்து, வாணலி முழுக்கப் பரப்பி, 20 வினாடி தொடாமல் விடவும். பிறகு அடியிலிருந்து புரட்டி மறுபடி பரப்பி 20 வினாடி. நான்கைந்து தடவை இப்படிச் செய்தால் பருக்கைகள் சடசடவென்று வெடிக்கிற மாதிரி ஒலி வரும், சில குதிக்கவும் செய்யும். அந்த ஒலி வரும்வரை சோயா சாஸ் பாட்டிலைத் தொடக் கூடாது. உஸ்ஸென்ற ஆவிச் சத்தமே நீடித்தால் சாதத்தில் ஈரம் மிச்சம் இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை பரப்பிக் காய விட வேண்டும்.

சோயா சாஸைச் சாதத்தின் தலையில் ஊற்றாமல் வாணலியின் ஓரச்சுவரில் சுற்றி விடவும். காய்ந்த இரும்பில் பட்டு நுரைத்து அதன் தண்ணீர் பறந்து, மீதி சிவந்து சாதத்தோடு சேரும். சாஸ் மணமே மாறுவதை உடனே உணரலாம். நிறம் போதவில்லை என்று இரண்டாவது ஸ்பூன் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் சாதம் சொதசொதக்கிறது. உப்பு வேலையை உப்பு செய்யட்டும், நிறத்துக்கு டார்க் சோயா நாலு சொட்டு போதும். காயையும் முட்டையையும் திரும்பப் போட்டு, உப்பும் மிளகும் தூவி, இரண்டு புரட்டு. அடுப்பை அணைத்த பிறகு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் புகை மணம் வரவில்லை என்று குறைபடுகிறவர்கள் உண்டு. கான்டனீஸ் மொழியில் அதற்கு வோக் ஹே என்று பெயர், வாணலியின் மூச்சு என்று பொருள். சாதத்தைத் தூக்கிப் போடும்போது தெறிக்கிற எண்ணெய்த் துகள்கள் தீயில் பற்றிக்கொள்வதில்தான் அந்த மணத்தின் ஒரு பகுதி பிறக்கிறது. வீட்டில் கையடக்க கேஸ் டார்ச் இருந்தால், வறுத்த சாதத்தை இரும்புத் தட்டில் மெல்லப் பரப்பி அதன் மேல் 10, 15 வினாடி தீயை ஓட விடலாம். பக்கத்தில் துணியோ டிஷ்யூவோ இருக்கக் கூடாது. டார்ச் இல்லாதவர்கள் இதற்காக வாங்க வேண்டியதில்லை. காய்ந்த சாதமும் காய்ந்த வாணலியும் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும்.

உருளைக்கிழங்கு: இரண்டு முறை பொரிப்பது ஏன்

விரல் வறுவலில் வேண்டியது இரண்டு எதிரெதிர் குணங்கள், உள்ளே மாவாக, வெளியே ஓடாக. ஒரே பொரிப்பில் இரண்டும் வராது. உள்ளே வேகும் நேரத்துக்குள் வெளியே கருகும். வெளியே பொன்னிறமானதும் எடுத்தால், உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் தட்டில் வைத்த பிறகு வெளியே வந்து ஓட்டை நனைத்துவிடும்.

முதலில் கிழங்கு. மாவுத்தன்மை கூடிய பழைய கிழங்குதான் வேண்டும். மெல்லிய தோல் புதுக்கிழங்கில் தண்ணீர் அதிகம். ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கு கூடவே கூடாது. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துக் கசக்கும். கடையில் வாங்கிய அன்றே நன்றாக வந்தது, அடுத்த வாரம் கறுத்தது என்று குழம்புகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

ஒரு செ.மீ. கனத்தில் ஒரே அளவாக வெட்டி, தண்ணீர் தெளியும்வரை அலசவும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் ஒரு டேபிள்ஸ்பூன் உப்பும் போட்டு, துண்டுகளை எட்டிலிருந்து பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்காமல் வேகவிடவும். வினிகர் ருசிக்காக அல்ல. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது, அதனால் துண்டு முழுக்க வெந்தும் உடையாமல் நிற்கும். வெறும் தண்ணீரில் வைத்தால் எட்டாவது நிமிடம் மசியலாகிவிடலாம்.

வடித்துத் துணியில் பரப்பினால் சூட்டிலேயே ஆவி கிளம்பி ஐந்து நிமிடத்தில் மேற்பரப்பு காய்ந்து வெளுக்கும். முதல் பொரிப்பு 160 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம். நிறம் மாறக் கூடாது, மேலே மெல்லிய தோல் மட்டும் கட்ட வேண்டும். எடுத்துக் கம்பித் தட்டில் அரை மணி ஆறவிடவும், அல்லது ஃப்ரீசரில் வைத்துவிடவும். ஃப்ரீசர் இன்னும் நல்லது. உறையும்போது பனித்துகள்கள் செல்களைக் கிழிப்பதால், அடுத்த பொரிப்பில் தண்ணீர் சுலபமாக வெளியேறும். உறைந்த கிழங்கோடு ஒட்டியிருக்கும் பனித்தூளை மட்டும் உதறிவிட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழியும்.

இரண்டாவது பொரிப்பு 190 டிகிரியில் மூன்று நிமிடம், பொன்னிறத்தோடு நிறுத்தவும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவை 200 கிராம் கிழங்குதான். அதற்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, மறுபடி ஏறுவதற்குள் கிழங்கு எண்ணெயைக் குடிக்கும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குவது இந்த மொத்த விஷயத்தில் செய்யக்கூடிய மிக உருப்படியான செலவு. புது வாணலியைவிட அதுதான் அதிகம் சொல்லித்தரும். பொரித்து எடுத்ததும், எண்ணெய் மினுக்கம் காயுமுன் உப்பு தூவ வேண்டும். ஆறிய பின் போட்டால் ஒட்டாது. டிஷ்யூ விரித்த கிண்ணத்தில் குவித்து வைத்தால் அடியில் இருப்பவை தங்கள் ஆவியிலேயே நனைந்துவிடும். கம்பித் தட்டில் ஒற்றை வரிசையாக விரிக்கவும்.

இறைச்சி, காளான், வெங்காயம்

வாணலியில் சுடுகிற கோழித் துண்டுக்கு எடையில் ஒரு சதவீத உப்பு, அரைக் கிலோவுக்கு 5 கிராம். தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் உப்பு உள்ளே இறங்கிவிடும், தோல் காகிதமாகக் காயும். அடுப்பில் வைத்த முதல் நிமிடத்திலேயே சிவக்கத் தொடங்கும். உப்பு போட்டுப் பத்து, இருபது நிமிடத்தில் சமைப்பதுதான் மோசமான நேரம். உப்பு இழுத்த தண்ணீர் அப்போதுதான் மேலே முத்து முத்தாக நிற்கும். ஒன்று உடனே சமைக்க வேண்டும், அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். உள்சூடு 74 டிகிரி எட்டியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் கிடையாது.

மெல்லியதாக நறுக்கி வதக்குகிற சிக்கன் ஹோட்டலில் பட்டுப்போல இருப்பதற்கு வேறு வழி. அங்கே தண்ணீரை வெளியேற்றுவதில்லை, உள்ளே பூட்டுகிறார்கள். அரைக் கிலோ துண்டுக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவு, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசறி அரை மணி வைக்கவும். லேசாகக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, துண்டுகளை 30, 40 வினாடி போட்டு வெளுத்ததும் வடிக்கவும். பிறகு வாணலியில் கடைசி இரண்டு நிமிடம், முழுக்க வேகும்வரை. மாட்டிறைச்சியாக இருந்தால் 250 கிராமுக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா தடவி 20 நிமிடம் வைத்து, கழுவி, ஒற்றி எடுத்த பிறகு இதே முறை. கழுவாவிட்டால் சோப்பு மாதிரி ஒரு வழுவழுப்பு நாக்கில் நிற்கும்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எண்ணெயில் நேரே போட்டால் பஞ்சு மாதிரி எண்ணெயை உறிஞ்சிவிட்டு, பிறகு தண்ணீர் விடும். முதலில் கால் கப் தண்ணீரிலேயே மூடி வேகவிட்டால் அது சுருங்கித் தன் தண்ணீரையும் விட்டுவிடும். திறந்து வற்றியதும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் போதும், நன்றாகச் சிவக்கும். விரட்டுவதற்கே தண்ணீர் ஊற்றுவது கேட்க விசித்திரமாக இருந்தாலும் வேலை செய்கிறது.

வெங்காயத்தை மிட்டாய் நிறத்துக்கு வதக்கப் பத்து நிமிடம் என்று எழுதுகிற குறிப்புகளை நம்ப வேண்டாம். அரைக் கிலோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

சாஸில் மட்டும் தண்ணீர் தங்க வேண்டும்

இதுவரை விரட்டியதை இங்கே பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஹோட்டல் சாஸ் பளபளவென்று இறைச்சியின் மேல் படிந்து நிற்கும். வீட்டுச் சாஸ் தட்டின் ஓரத்துக்கு ஓடும். ஹோட்டலில் எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுத்த ஸ்டாக்கில் ஜெலட்டின் இருக்கிறது. பாக்கெட் ஸ்டாக்கில் பெரும்பாலும் அது கிடையாது. உப்பில்லாத 250 மி.லி. ஸ்டாக் ஆறியிருக்கும்போதே இரண்டு டீஸ்பூன் ஜெலட்டின் தூவி ஐந்து நிமிடம் ஊறவிடவும். இறைச்சி சுட்ட வாணலியில் மிஞ்சிய கொழுப்பை வடித்துவிட்டு இதை ஊற்றி, அடியில் பிடித்த சிவந்த பொருக்கைச் சுரண்டி, 100 மி.லி. ஆகும்வரை வற்றவிடவும். அடுப்பை அணைத்து 25 கிராம் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டுதுண்டாகப் போட்டுச் சுழற்றவும். உப்பு, எலுமிச்சை எல்லாம் அதன் பிறகுதான். உப்புள்ள ஸ்டாக்கை இந்த அளவுக்கு வற்ற வைத்தால் வாயில் வைக்க முடியாது. வெண்ணெய் போட்ட பின் கொதிக்க விட்டால் சாஸ் திரிந்து எண்ணெய் பிரியும். திரிந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

பாஸ்தாவிலும் இதே கதை. 100 கிராம் பாஸ்தாவுக்கு 700 மி.லி. தண்ணீர், 7 கிராம் உப்பு. தண்ணீரைக் குறைத்தால் அதில் மாவு அடர்த்தியாகக் கலக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒன்றரை நிமிடம் முன்பே எடுத்து, சாஸ் வாணலியில் போட்டு, அந்த மாவுத்தண்ணீர் 60 மி.லி. ஊற்றிப் பெருந்தீயில் புரட்டவும். சீஸ் அடுப்பை அணைத்த பிறகே. சூடு அதிகமானால் கொழகொழவென்று கட்டியாகிவிடும்.

பீட்சா பற்றிச் சுருக்கமாக. 250 டிகிரிக்கு மேல் போகாத வீட்டு ஓவனில், 450 டிகிரியில் ஒன்றரை நிமிடத்தில் வேகிற நேப்பிள்ஸ் பீட்சா வராது. கனமான இரும்புத் தகட்டை ஒரு மணி நேரம் காயவைத்து அதன் மேல் சுட்டால் வேறு வகையான, நல்ல பீட்சா வரும். ஈர மொசரெல்லாவை மட்டும் வடிகட்டியில் அரை மணி போட்டு வைக்காவிட்டால் நடுவில் குளம் கட்டும்.

பார்சலைப் பிரித்துப் படிப்பது

குறிப்பிட்ட ஒரு ஹோட்டலின் சாஸ்தான் வேண்டும் என்றால் ஞாபகத்தை நம்பக் கூடாது. பசியும் விளக்கொளியும் சேர்ந்து ருசியைக் கூட்டிச் சொல்லும். பார்சல் வாங்கி வந்து பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது மாற்றி மாற்றிச் சுவைப்பதுதான் சரி. அதற்கு முன் இரண்டு ஸ்பூன் சாஸை ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்க்கலாம். அசைந்தாடும் ஜெல்லியாக உறைந்தால் எலும்பு ஸ்டாக். மேலே மஞ்சளாகக் கெட்டிப்பட்டால் வெண்ணெய், எண்ணெயாகவே மிதந்தால் எண்ணெய். எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்கே தெரியும், தெரிந்ததும் கொஞ்சம் அதிர்ச்சியாகவும் இருக்கும். இன்னொரு ஸ்பூனை மெல்லிய வடிகட்டியில் போட்டு வெந்நீரில் அலசினால் விதை, தோல், இலை, மிளகுத் துண்டு மிஞ்சும். மாவு போட்டுக் கெட்டியாக்கினார்களா என்று தெரிய, தண்ணீரில் கலக்கி ஆறவைத்த சாஸில் ஒரு சொட்டு அயோடின் விடவும். கருநீலமானால் மாவு இருக்கிறது. அந்தக் கிண்ணத்தை உடனே கொட்டிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் சாஸில் குறை என்னவென்று தெரியாதபோது, நாலு சிறு கிண்ணத்தில் பிரித்து ஒன்றில் உப்பு, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் அஜினோமோட்டோ என்று ஒரு சிட்டிகையே போட்டு ருசிக்கவும். எது அசலை நோக்கி நகர்கிறதோ அதை மட்டும் பெரிய பாத்திரத்தில் சேர்க்கவும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும். முதலில் உப்பைச் சரிபார்க்கவும். சமைத்து முடித்த உணவின் எடையில் ஒரு சதவீதத்துக்கு அருகில்தான் பெரும்பாலான ஹோட்டல் உணவுகள் இருக்கும், வீட்டில் அதைவிடக் குறைவாகப் போட்டுவிட்டு மசாலாவைக் குறை சொல்கிறோம். உப்பு சரியாக இருந்தும் சப்பென்று இருந்தால் புளிப்பு. அது கடைசியில் சேர வேண்டும், கொதித்தால் எலுமிச்சையின் மணம் போய்விடும்.

அஜினோமோட்டோ என்ற பிராண்டின் பெயரிலேயே நாம் அழைக்கிற மோனோசோடியம் குளூட்டமேட்டின் கதை 1908-ல் ஜப்பானில் தொடங்குகிறது. கிகுனே இகேதா கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, இறைச்சிச் சாறு மாதிரி நாக்கில் நிற்கிற அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதில் சோடியம் 12 சதவீதம், உப்பில் 39 சதவீதம். அரைக் கிலோ உணவுக்குக் கால் டீஸ்பூனில் தொடங்கலாம். அளவு மிஞ்சினால் எல்லாம் ஒரே ருசியாக, நாக்கில் விடாமல் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்பவர்களுக்குக் காய்ந்த ஷிடாகே காளான் இருக்கிறது. நாலைந்தைக் குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவைத்த சாறு, தக்காளியோ சோயா சாஸோ இருக்கிற சமையலில் சேரும்போது, இரண்டும் தனித்தனியே தருவதைவிடப் பல மடங்கு உமாமியைத் தரும். காளானில் இருக்கிற குவானிலேட் என்ற உமாமிப் பொருளும் தக்காளியின் குளூட்டமேட்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

பரிமாறுகிற நேரத்தில் வருகிற ஈரமும் ஒன்று இருக்கிறது. பொரித்ததை மூடி போட்டு மேசைக்குக் கொண்டுபோனால், மூடியில் முத்தாகக் கட்டிய தண்ணீர் திரும்ப அதன் மேலேயே சொட்டும், ஐந்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். குளிர்ந்த பீங்கான் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்க்கும். தட்டுகளை 70 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைக்கலாம். ஓவன் இல்லையென்றால் கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, நன்றாகத் துடைத்து, அதில் பரிமாறவும்.